மூத்தவன் காலளவு

மேஸ்திரி பரந்தாமனிடம் அளவு டேப்பு ஒன்று இருந்தது. அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பு வேலைக்குப் போனபோது வாங்கியது. திருத்தணியில் வீடு கட்டும்போது மட்டும் அதைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். இங்கே மனைக்காரன் காலடிதான் அடி. அவனுடைய வலது பாதத்தைக் குதிகாலிலிருந்து நீண்ட விரலின் நுனிவரை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு மூங்கில் கோல் வெட்டுவார். இரண்டு முனையிலும் மஞ்சள் பூசுவார். அறையின் நீளம், சுவரின் உயரம், வாசற்படி எல்லாம் அந்தக் கோலால்தான். குடிபோகும் நாளில் கோலை வாசல் நிலைக்கு மேலே சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்.

“ஊட்டுக்குத் தன் ஆளு யாருன்னு தெரியணும் இல்ல” என்பார்.

கஜபதியின் மனைக்கு அவர் அளவெடுக்க வந்த அன்று கஜபதி ஊரில் இல்லை. வேர்க்கடலை மூட்டைகளோடு அரக்கோணம் போயிருந்தான். அவன் மனைவி அம்சா கழனியில் இருந்தாள். வீட்டில் இருந்தது கஜபதியின் தாய் கோவிந்தம்மாள் மட்டும்.

“செருப்பை எடுத்துக் குடுத்தாங்க, அதுல தேஞ்சிருந்த கால் தடத்தை அளந்துகினேன்” என்று மேஸ்திரி மறுநாள் சொன்னார்.

அம்சா சரி என்றாள். கஜபதியிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் அரக்கோணம் போனான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இந்த வீட்டைக் கேட்டவள் அவள்தான். மணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கஜபதியிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. பள்ளிப்பட்டு சாலையை ஒட்டியிருந்த மேட்டு நிலத்தில் ஒரு வீடு. சமையலறை ஜன்னலில் மலை தெரிய வேண்டும். விளக்கு மாடம் அவள் கைக்கு எட்ட வேண்டும். இவற்றையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னாள். சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று. அந்த வீட்டில் பெருமாளின் கால் பட்டிருக்கக் கூடாது.

பெருமாள் கஜபதியின் அண்ணன். அம்சாவின் கழுத்தில் முதலில் தாலி கட்டியவன் அவன்தான். தை மாதத்தில் கட்டினான். சித்திரை பிறப்பதற்குள் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினான். சண்டை முடிந்தது. அவனோடு போன மணவூர்க்காரர்கள் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். பெருமாளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லாததால் காரியம் நடக்கவில்லை. பல வருஷம் பார்த்துவிட்டு ஊரில் கூடிப் பேசி, சின்னவன் கையால் அவளுக்குத் தாலி கட்ட வைத்தார்கள். அதே வீடு, அதே அறை. ஆணியில் பெருமாளின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாள் அதை வெள்ளிக்கிழமை தோறும் உதறி மறுபடி மாட்டினாள்.

பெருமாளின் முகம் எப்படி என்று கேட்டால் அம்சாவால் சொல்ல முடியாது. புதுப்பெண்ணாகத் தலை நிமிராமல் இருந்தவள். அவனுடைய கால்களை மட்டும் நன்றாகத் தெரியும். நீண்ட, சதையில்லாத கால்கள். கட்டைவிரலைவிட அடுத்த விரல் முன்னால் நீண்டு நிற்கும். அவன் நடந்து வரும் சத்தம் கேட்காது. அம்மியிலிருந்து கண்ணைத் திருப்பினால் பக்கத்தில் அந்தக் கால்கள் நிற்கும். “தண்ணி” என்பான். கொண்டு வந்து கொடுப்பாள். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

கஜபதி ஓயாமல் பேசுகிறவன். மாட்டோடு பேசுவான், ஏற்றத்தோடு பேசுவான், யாரும் இல்லையென்றால் தன் தலைப்பாகையோடு பேசுவான். அவன் வருவதற்கு முன்னால் அவன் குரல் வரப்பில் வந்துவிடும். அந்தக் குரல் இருக்கும்வரை அவளுக்குப் பயமில்லை. குரல் ஓய்ந்து அவன் தூங்கும்போது, அந்த அறையில் இன்னொருவன் நிற்பதாக அவளுக்குத் தோன்றும். காலைப் பார்த்துவிடுவோமோ என்று கண்ணைத் தரைப்பக்கம் திருப்பாமல் படுத்திருப்பாள்.

கார்த்திகையில் சுவர் எழும்பியது. விளக்கு மாடத்தைப் பார்க்க அம்சா போனாள். மாடம் அவள் தலைக்கு மேலே இருந்தது. கையை உயர்த்தினால் விளிம்பு தட்டுப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

“மேஸ்திரி, எம் நெத்திக்கு நேரா வரும்னு சொன்னீங்களே.”

“ஆறு கோலும்மா. உன் ஊட்டுக்காரர் காலுக்கு ஆறு கோல் உன் நெத்திக்குத்தான் வரணும்.” அவர் கோலை வைத்து மறுபடி அளந்து காட்டினார். ஆறு கோல் சரியாக இருந்தது. “நீதான் கொறைஞ்சி போயிட்ட.”

செங்கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் பங்காரு சிரித்தாள். “வூடு கட்றவங்க எல்லாம் எளைப்பாங்க. உயரத்துல எளைச்சது இவங்கதான்.”

கஜபதி வந்தான். வாசற்படியில் கால் இடறி நிலையைப் பிடித்துக்கொண்டான். “இன்னா மேஸ்திரி, படியா இது, மலைக்கோயில் படியா? பேரன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கைத்தடியோடதான் ஏறணும் போல.” பேசிக்கொண்டே உள்ளே போனான். வெளியே வரும்போதும் இடறினான்.

அன்று ஆட்கள் சாப்பிடப் போனபோது அம்சா கோலைக் கையில் எடுத்தாள். போன ஆடிக் கிருத்திகைக் கடையில் கஜபதிக்குச் செருப்பு வாங்கியபோது அவள்தான் கையை நீட்டி அளவு சொன்னாள். அவள் முழங்கை மடிப்பிலிருந்து வளையல் வரை அவன் கால். இப்போது கோலின் ஒரு முனையை மடிப்பில் வைத்தாள். மறுமுனை வளையலைத் தாண்டி உள்ளங்கையின் நடுவில் வந்து குத்தியது.

கஜபதியிடம் சொன்னாள். “கால் இல்ல, செருப்பைத்தானே அளந்தாரு? செருப்பு காலைவிட பெருசாத்தான் இருக்கும்” என்றான்.

“அன்னைக்குச் செருப்பு உங்க கால்ல இருந்தது. அரக்கோணம் போயிருந்தீங்க.”

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டது என்று எழுந்து போய்விட்டான்.

மார்கழியில் தரை போட்டார்கள். செக்கில் அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் கொட்டி, மரக்கட்டையால் தட்டி, கூழாங்கல்லால் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்கினார்கள். பின்வாசலை மேஸ்திரி செங்கல் அடுக்கி மறைத்தார். முன்வாசலில் பனந்தட்டி வைத்து, அதன்மேல் முள் சாத்தினார். மறுநாள் வரை ஈ கூட உட்காரக் கூடாது என்றார்.

மறுநாள் மலையில் உச்சிக்கால மணி அடித்துக்கொண்டிருந்தபோது முள்ளை விலக்கினார்கள். முள் வைத்த மாதிரியே இருந்தது. தட்டியும் கட்டிய கயிற்றோடு இருந்தது. வாசலுக்கு உள்ளே ஒரு முழ தூரத்தில் தரையில் ஒரு காலடி இருந்தது. ஒரே ஒரு காலடி. வலது கால். வீட்டுக்குள் பார்த்திருந்தது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. “எவன்டா அது? எவ?”

ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் காலை வைத்துக் காட்டினார்கள். யாருக்கும் பொருந்தவில்லை. பங்காருவும் வைத்தாள். “என் கால் அம்மாம் பெருசுன்னா நான் ஏன் கல்லு தூக்கறேன். மலைக்கு யானையா போயிருப்பேன், மூணு வேளையும் சோறாவது போடுவாங்க.”

கஜபதி வைத்தான். அவன் கால் குட்டையாக, அகலமாக இருந்தது. விரல்கள் கட்டைவிரலிலிருந்து வரிசையாகச் சரிந்து இறங்கின. தரையில் இருந்த கால் அவன் விரல்களைத் தாண்டி நின்றது.

அம்சா கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. இரண்டாம் விரல் முன்னால் நீண்டிருந்தது.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த கோலை எடுத்து அந்தத் தடத்தில் வைத்தார். குதிகாலில் ஒரு மஞ்சள் முனை, இரண்டாம் விரலில் இன்னொரு மஞ்சள் முனை. ஒரு நெல் அளவு கூடவோ குறையவோ இல்லை. அவர் கோபம் அடங்கிப்போயிற்று. நிமிர்ந்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாளைப் பார்த்தார்.

“அத்தே, நீ எடுத்துக் குடுத்தது யார் செருப்பு?”

கோவிந்தம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். “மனைக்காரன் செருப்பைக் கேட்ட. இந்த ஊட்டுக்கு மூத்தவன் யாரு? அவன் செருப்பைக் குடுத்தேன்.”

“பெருமாளா?”

“ஆங். நீதானே சொல்லுவ, ஊட்டுக்குத் தன் ஆளைத் தெரியணும்னு. வர்றவனுக்கும் ஊடு தெரியணும் இல்ல.”

கஜபதிதான் முதலில் சிரித்தான். “போனா போவுது. அண்ணன் புண்ணியத்துல நமக்கு ஒரு சுத்து பெரிய ஊடு. மச்சம்தான்.” சிரிப்பு பாதியில் நின்றது. அம்சா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டான்.

அம்சா எல்லார் முன்னாலும் பேசுகிற பெண் அல்ல. அன்று பேசினாள். “அத்தே, அவர் வந்தா இந்த ஊட்ல நான் யாரு? யாருக்குச் சோறு போடணும்?”

“வரட்டும். வந்தவன் சொல்லுவான்” என்றாள் கோவிந்தம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. மழை வரட்டும் என்பது போலச் சொன்னாள்.

மேஸ்திரி தடத்தில் சுண்ணாம்பை நிரப்பி மூடித் தேய்த்தார். இரண்டு நாளில் காய்ந்தபோது அந்த இடம் மட்டும் அமுங்கி, தடம் பழையபடி தெரிந்தது. இன்னொரு முறை மூடினார். இன்னொரு முறை அமுங்கியது. மூன்றாம் முறை அவர் பூசு கரணையை எடுக்கவில்லை. கஜபதியையும் அம்சாவையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

“கஜபதி காலுக்கு வேற கோல் வெட்டிட்டேன். படியை எறக்கறேன், மாடத்தை எறக்கறேன். சுவத்தை இடிச்சிக் கட்ட முடியாது, அது இருக்கட்டும். ஆனா ரெண்டு கோலு ஒரு ஊட்டுல இருக்கக் கூடாது. பெரிய கோலை அனுப்பிடணும்.”

“எங்க அனுப்பறது?” என்றான் கஜபதி.

“உடம்பு கிடைக்காதவங்களுக்குத் தர்ப்பையில உருவம் செஞ்சி கொளுத்தறது இல்லியா? அவனோட அளவுன்னு பூமியில இருக்கறது இந்தக் கோல் ஒண்ணுதான். நந்தி ஆத்தங்கரையில வச்சி நீயே கொள்ளி போடு. சாம்பலை ஆத்துல விட்டுட்டு முழுகிட்டு வா. அவனுக்கும் ஒரு வழி, உங்களுக்கும் ஒரு வழி. குடிபோற நாள் வரைக்கும் காக்க வேணாம், வந்தவுடனே உன் கோலை நிலைக்கு மேல வச்சிப் பூசிடறேன். அதுக்கப்புறம்தான் மத்த வேலை.”

கஜபதி அன்று இரவு சாப்பிடும்போது தாயிடம் சொன்னான். அவள் சண்டை போடுவாள் என்று அம்சா நினைத்தாள். கோவிந்தம்மாள் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, “என்னைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

குறித்த நாளில் காலையிலேயே புது வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு கோல்களும் உள்ளறை மூலையில் சாத்தியிருந்தன. கோவிந்தம்மாள் தானே உள்ளே போனாள். மஞ்சள் நீரில் நனைத்த துணியில் கோலைச் சுற்றிக் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வந்து கஜபதியிடம் கொடுத்தாள். அவள் கண் ஈரமாக இருந்தது. அம்சாவுக்கு மனம் இளகிவிட்டது. முதல் முறையாக மாமியாரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கஜபதியும் மேஸ்திரியும் ஆற்றுக்குப் போனார்கள். வரப்பில் கஜபதியின் குரல் வெகுதூரம் கேட்டுக்கொண்டிருந்தது. கொள்ளி வைக்கும்போது தலைப்பாகை இருக்கலாமா கூடாதா என்று மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டு போனான். பிறகு குரல் தேய்ந்து நின்றது.

அம்சா வீட்டைப் பெருக்கினாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். நினைத்த இடத்தில் சரியாகத் தெரிந்தது. இந்த மாடத்தை இறக்கினால் போதும். தடத்தின்மேல் ஒரு பாய் போட்டுவிடலாம். வருஷம் இரண்டு போனால் மறந்துவிடும். அவளுக்கு அன்று அப்படித்தான் தோன்றியது.

உச்சிக்கால மணி அடித்தது. ஆற்றங்கரைப் பக்கம் புகை எழுந்து அடங்கியிருந்தது. அவர்கள் வந்ததும் பூச வேண்டுமே என்று, கஜபதியின் கோலை எடுத்து வைக்க அம்சா உள்ளறைக்குப் போனாள். மூலையில் ஒரே கோல்தான் இருந்தது. எடுத்தாள். எடுத்தவுடன் கைக்கு ஏதோ சரியாக இல்லை. முழங்கை மடிப்பில் வைத்தாள்.

மறுமுனை வளையலில் நிற்கவில்லை. உள்ளங்கையின் நடுவில் குத்தியது.

அவள் வெளியே வந்தாள். கோவிந்தம்மாள் நிலையில் சாய்ந்து ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, எந்தக் கோலைக் குடுத்தீங்க?”

“எம் பிள்ளை உசிரோட கீறான். அவனைக் கொளுத்தச் சொன்னா நான் எப்பிடித் தூக்கிக் குடுப்பேன்? பக்கத்துல இருந்ததைக் குடுத்தேன்.”

“அது இவரோட கோலு அத்தே.”

“இருந்தா இன்னா. இவன்தான் கண்ணெதிர்ல கீறானே. இவனுக்கு எதுக்குக் கோலு? மூங்கிக் குச்சிதானே, மேஸ்திரி வேற ஒண்ணு வெட்டித் தருவாரு.”

அம்சா அந்த நீளக் கோலைப் பிடித்தபடி வரப்பைப் பார்த்து நின்றாள். கஜபதியின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கவலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் பஸ் ஒன்று பள்ளிப்பட்டு பக்கம் போனது. காக்கை கத்தியது. குரல் மட்டும் வரவில்லை.

ஆள் வந்தான். வரப்பின் வளைவில் தலை முதலில் தெரிந்தது. கஜபதியின் தலை, கஜபதியின் ஈர வேட்டி, அவன் தோள், அவன் முகம். மேஸ்திரி வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார். எட்டி நடக்க முடியாதவர் போல, அல்லது எட்டி நடக்க விரும்பாதவர் போல. கஜபதி வேலியைத் தாண்டினான். அங்கே கட்டியிருந்த மாட்டைத் தட்டிக் கொடுக்காமல் கடந்தான். பங்காரு ஏதோ கேட்டாள், அவன் திரும்பவில்லை. அவன் நடந்து வரும் சத்தமே கேட்கவில்லை.

வாசற்படி இன்னும் பழைய உயரத்தில்தான் இருந்தது. கார்த்திகையிலிருந்து அவன் அதில் இடறாமல் ஏறியதில்லை. அம்சா படியையே பார்த்தாள். இடறு, என்று மனத்துக்குள் சொன்னாள். ஒரு தரம் இடறு.

அவன் பார்க்காமலே படி ஏறினான். வலது கால் வாசலைத் தாண்டித் தரையில் இருந்த தடத்தில் இறங்கியது. இறங்கி, அதில் அச்சாகப் பொருந்தியது. அவன் அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். செருப்புக்குள் காலை விட்டுச் சரி பார்க்கிறவன் போல.

“வந்துட்டியா” என்றாள் கோவிந்தம்மாள், மெதுவாக.

“ம்” என்றான்.

மாடத்தின் பக்கம் போனான். எக்கவில்லை. நேராக உள்ளே பார்த்தான். பங்காரு அங்கே வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தான்.

மேஸ்திரி வந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. “போறப்ப பேசிகினேதாம்மா வந்தான்” என்றார் அம்சாவிடம், குரலைத் தாழ்த்தி. “அவுக்காம துணியோடவே கொள்ளி வச்சி முழுகி எழுந்தான். அதுலேருந்து ஒரு வார்த்தை இல்ல. குளுரு போலன்னு விட்டுட்டேன்.” அவர் கண் அவள் கையிலிருந்த கோலில் விழுந்தது. அதன் நீளத்தைப் பார்த்தார். அவருக்கு அதை அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்சா கோலைச் சுவரில் சாத்தினாள். அது தரையில் இடித்து ஒரு சத்தம் எழுப்பியது. புது வீட்டில் அந்தச் சத்தம் வெகு நேரம் இருந்தது போலிருந்தது. இவர் கஜபதிதான், என்று நினைத்தாள். முழுகின குளிர். அண்ணனுக்குக் கொள்ளி போட்ட துக்கம். கொஞ்ச நேரத்தில் பேசுவார். மாட்டைப் பற்றி ஏதாவது சொல்லுவார்.

“ஏங்க” என்றாள்.

கூப்பிட்டபடியே அடுப்பு மேடைப் பக்கம் போய் நின்றாள். காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. ஈர வேட்டியின் ஆற்று வாசனை வந்தது.

“தண்ணி” என்றான்.

அவள் செம்பில் மொண்டாள். திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தால் கஜபதியின் முகம்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சற்றுமுன் வரப்பில் பார்த்த அதே முகம். ஆனால் அவள் தலை தானாகவே குனிந்துகொண்டது, வந்த புதிதில் குனிந்த மாதிரி. கண் தரைக்குப் போயிற்று.

வாசலிலிருந்து அடுப்பு மேடை வரை தரையில் ஈரத் தடங்கள் வரிசையாக வந்திருந்தன. ஜன்னல் வெயிலில் முதல் தடம் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் குதிகால் காய்ந்து, பாதம் காய்ந்து, கட்டைவிரல் காய்ந்து, கடைசியாக முன்னால் நீண்டிருந்த இரண்டாம் விரல் காய்ந்தது.

அவள் செம்பை நீட்டினாள்.